ஏழாம் நம்பர் அறைக்கு நான் போட்ட தாளம்

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற அத்தனை பேரின் கவலையையும் ஒற்றை ஆளாகப் பட்டு, அதற்கு இசையும் அமைத்தவர் உலகத்திலேயே எங்கள் டுய்ங் ஒருவர்தான்.

நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க். ஆண்கள் மட்டும் தங்கும் லாட்ஜில் எனக்கு ஆறாம் நம்பர் அறை, அவருக்கு ஏழு. அவருடைய சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர், பகலில் செல்போன் கடையில் வேலை. உண்மைப் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். பழைய கீபோர்டு, லேப்டாப், மைக். பாடுவது, வாசிப்பது எல்லாம் அவரே.

"எண்பதுகள்ல வந்த பாட்டு மாதிரி இருக்கணும் சார். கேட்டா இன்னிக்கு அழணும்" என்பார். அவர் பிறந்ததே தொண்ணூறுகளில்.

மற்றவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று ஹெட்போன் மாட்டிக்கொள்வார். வினையே அதுதான். இசை முழுக்க அவர் காதுக்குள் போய்விடும்; எங்களுக்கு வெறும் குரல் மட்டும் வரும். "டவுன் பஸ்ஸுல... ஜன்னல் சீட்டு... காலியா இருக்கே..." அப்புறம் அரை நிமிடம் சத்தமே இருக்காது. திடீரென்று பல்வலிக்காரர் மாதிரி ஒரு "ஓ...". நடுவில் வாயாலேயே ஒரு "டுய்ங்". பெயர் வந்தது அப்படித்தான்.

பொறுக்க முடியாமல் நான் சுவரில் ஓங்கி மூன்று தட்டு தட்டுவேன். குரலில் இன்னும் உற்சாகம் ஏறும். மறுநாள் ஒரு பை நிறைய வேகவைத்த வேர்க்கடலையோடு வந்து நிற்பார்.

"ஊர்லேர்ந்து வந்துச்சு சார். உங்களுக்குத்தான் ஜாஸ்தி."

வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கடலையைத் தின்றேன். சாயங்காலம் மறுபடி தட்டினேன்.

கடைசியில் ஆபீஸ் புத்தி வேலை செய்தது. "பொருள்: அறை எண் ஏழு – அழுகுரல் எழுப்புதல் – காலி செய்யக் கோருதல் – தொடர்பாக" என்று லாட்ஜ் ஓனருக்கு ஒரு மனு எழுதினேன். மாடியில் இருந்த அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். பத்து நாளில் காலி பண்ணச் சொல்லிவிட்டார் ஓனர். மனு கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் டுய்ங் லேப்டாப்போடு என் அறைக்கு வந்தார்.

"யாரோ மனு குட்த்துட்டாங்க சார். இந்த ரூமை வுட்டா பாட வேற எடமில்ல. ஊட்ல பாடுனா பேய் புட்ச்சிருக்குன்றாரு அப்பா. நீங்கதான் நல்லா எழுதுவீங்க, எனக்கு ஒரு பதில் மனு எழுதிக் குடுங்க சார்."

"நானா?"

"பின்ன? நீங்கதானே கூட வாசிக்கிறீங்க!"

ஹெட்போனை என் காதில் மாட்டினார். அவருடைய இசையை நான் கேட்டது அதுதான் முதல்முறை. மழை விட்ட பிறகு தகரக் கூரையில் சொட்டுகிற மாதிரி கீபோர்டு. அந்த அரை நிமிட இடைவெளிகளில் எல்லாம் இசை நிரம்பியிருந்தது. பாட்டு முழுக்க அடியில் ஒரு தாளம்: டொக், டொக், டொக்.

"மைக்குல உழுந்துச்சு சார். நீங்க தாளம் போடறீங்கன்னு ஒடனே புரிஞ்சிக்கினேன்."

திரையில் அவருடைய உண்மைப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, "தாளம்: ஆறாம் நம்பர் சார்".

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பிரமாதமாக ஒரு பதில் மனு எழுதிவிட்டால் செய்த பாவம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று பக்கம் எழுதி, இருவருமாக ஓனரிடம் போனோம். அவர் மேஜை டிராயரிலிருந்து பழைய மனுவை எடுத்து, இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுவும் உங்க கையெழுத்து, அதுவும் உங்க கையெழுத்து. நான் எதை சார் நம்பறது?"

டுய்ங் இரண்டு காகிதங்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா கம்மியா பாடியிருப்பேனே சார்" என்றார். அவ்வளவுதான். மறுநாளே காலி பண்ணிவிட்டார்.

போன மாதம் அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றியிருந்தார். கடைசி வரியைப் பார்த்தேன். "தாளம்: ஆறாம் நம்பர் சார்" அப்படியே இருந்தது. ஏழாம் நம்பரில் இப்போது சத்தமே போடாத ஒருவர் இருக்கிறார். சில சாயங்காலங்களில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு, சுவரில் மெதுவாகத் தட்டுகிறேன். இந்த முறை நிஜமாகவே தாளத்துக்காக.