கோயில் மைக்கில் வாசித்த பெயர்

எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தால் யாராவது என்னை அறையில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் நான் புது வாத்தியாராக இருந்தபோது அதற்கு ஆளில்லை.

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் முதல் வருஷத்துக்கும் இரண்டாம் வருஷத்துக்கும் நடுவே நீண்ட விடுமுறை. (படித்ததெல்லாம் அதற்குள் ஆவியாகிவிடும்.) அதனால் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் தினமும் மூன்று மணிக்கு இரசாயனவியல் வகுப்பு வைத்தேன். எட்டுப் பேரில் கெட்டிக்காரி தர்ஷினி மட்டும் ஒரு வாரமாக வரவில்லை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவள் அப்பா ராமையா, அங்கேயே அவளுக்கும் வேலை பார்த்துவிட்டாராம். இந்த விடுமுறையில் கடைக்குப் போன பிள்ளை ஒன்றுகூடத் திரும்பிப் படிக்க வந்ததில்லை என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள்.

விடுவேனா? காலை ஆறரைக்குக் கோயில் மைக்கைப் பிடித்தேன். சளித் தடிமனால் கட்டிய தொண்டையோடு, "ஐந்தாம் நம்பர் லயம், ராமையாவின் அன்பு மகள் தர்ஷினி... இன்று பிற்பகல் மூன்று மணிக்கு..." என்றதும் கரண்ட் போய்விட்டது. (அந்த 'அன்பு' எதற்கு? மரியாதையாக இருக்கட்டுமே என்றுதான்!) நான் பிளேன்டி குடிக்கப் போனேன்.

திருவிழா இல்லாத மாதத்தில் அந்த மைக் பேசினால் அது சாவு அறிவித்தல். பதுளை டவுனில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்தில் நின்ற அவள் அம்மா, "ஐயோ எம்புள்ள!" என்று விழுந்தார். கங்காணி வேலையை நிறுத்தினார். யாரோ கொழும்புக்குப் போன் போட்டுவிட்டார்கள். ஊரே அவர்கள் லயத்து வீட்டுக்கு ஓடியபோது, தர்ஷினி வாயில் பல்பொடியோடு வெளியே வந்து, "யாரும்மா செத்தது?" என்றாளாம்.

அப்பாவுக்கு உண்மையைச் சொல்லப் போன் எடுத்தால், அவர் அதை அணைத்துவிட்டு பஸ் ஏறியிருந்தார்.

நாலு மணிக்கு, கையில் மாலையோடு மண்டபத்தைக் கடந்தவர் அப்படியே நின்றார். உள்ளே மகள் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தார்.

"யாரு சார் மைக்குல பேசுனது?"

"நான்தாங்க."

"படிக்கணும்னு அழுத புள்ளைய, கடைக்கு வான்னு திட்டுனேன் சார். அதுதான் அவகிட்ட கடைசியாப் பேசுனதுன்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் செத்துச் செத்து வந்தேன்." கண்ணைத் துடைத்தார். "அவ படிக்கட்டும். நீங்க மைக்க மட்டும் தொடாதீங்க."

தர்ஷினி இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். எனக்குப் போன் எடுத்தால் வணக்கம்கூடச் சொல்வதில்லை.

"சார், தர்ஷினி பேசுறேன். உசுரோடதான் இருக்கேன்."