நெஞ்சில் விழாத சிவப்பு வெளிச்சம்

துவக்கைக் கண்டால் ஓடுகிறவன் துவக்குக் கடையில் வேலைக்குச் சேரக்கூடாது. நான் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில், ரொறன்ரோவில் கோப்பை கழுவும் வேலையையும் பறிகொடுத்து நின்ற குளிர்காலம் அது. (ஒன்பதாம் வகுப்போடு நின்றவனை வேறு யார் கூப்பிடுவார்கள்?)

என்னோடு ஒரே அறையில் இருந்த நேசன் அண்ணை அந்த வேட்டைச் சாமான் கடையில் பெட்டி அடுக்கினார். அவருடைய சொல்லுக்காக, ஒரு கிழமை பார்த்துவிட்டு என்னை வைத்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். அந்தக் கிழமையின் கடைசி நாள் வரை துவக்குகள் தொங்கும் சுவர்ப் பக்கம் போகாமல் தப்பினேன்.

அன்று பின்னேரம் ஒரு தாடிக்காரர் வந்தார். பொழுதுபடும் நேரத்தில் குறிபார்க்கும் தொலைநோக்கியின் கறுப்புக் குறுக்குக்கோடு மானின் உடம்போடு கலந்துவிடுகிறதாம். முதலாளி புதிய ஒன்றை எடுத்தார். உள்ளே சின்னப் பல்ப். கோடு சிவப்பாக ஒளிரும். மந்தாரப் பகலுக்குக் கூட்டலாம், இருட்டுக்குக் குறைக்கலாம். பின்பக்க விளக்குகளை அணைத்துவிட்டு, மான் படம் ஒட்டிய அட்டையோடு அங்கே போய் நிற்கும்படி என்னை அனுப்பினார்.

நேசன் அண்ணையிடம் மெல்லக் கேட்டேன்: "அண்ணை, அந்தச் சிவப்பு எனக்கு மேலை வந்து விழுமோ?"

"விழுந்தால் துடைச்சுப்போட்டு நில். இண்டைக்குத்தான் உனக்குக் கடைசி நாள்."

நின்றேன். ஒரு கண் அட்டையில், மற்றக் கண் என் சட்டையில். தாடிக்காரர் தொலைநோக்கியைத் தூக்கினார். துவக்கு இல்லை, வெறும் குழாய்தான். ஆனால் முன்கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு மினுங்கியது. ஊரில் ஆமிக்காரனின் ரோச் வெளிச்சத்துக்குப் பழகிய உடம்பு என்னைக் கேட்கவில்லை. அட்டை காலில் விழுந்தது. இரண்டு கைகளும் மேலே போயின. வலது கையில், சட்டைப் பையிலிருந்து தானாக இழுத்தெடுத்த அடையாள அட்டை. (உண்மையில் அது பஸ் ட்ரான்ஸ்பர் துண்டு.)

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். ஆனாலும் கை இறங்கவில்லை.

நேசன் அண்ணை ஓடிவந்து, தன் அரைகுறை ஆங்கிலத்தில் எங்கள் ஊர் ஆமிச் சோதனைகளைப் பற்றிச் சொன்னார். தாடிக்காரர் சிரிக்கவில்லை. வெளிச்சத்தைக் குறைத்துத் தொலைநோக்கியை என்னிடம் தந்துவிட்டு, தானே அட்டையோடு போய் இருட்டில் நின்றார். பார்த்தேன். கோடு குழாய்க்குள்தான் எரிந்தது. கண்ணை எடுத்தால் அவர் மேல் ஒன்றுமே இல்லை. அப்போது அவர் மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கினார். முதலாளிதான் முதலில் சிரித்தார். தாடிக்காரர் அதையே வாங்கினார். திங்கட்கிழமை என்னையும் வரச் சொன்னார்கள்.

உடம்பு மட்டும் இன்னும் நம்பவில்லை. கமரா தானாகப் படம் எடுக்கும் முன் அதில் சிவப்பு விளக்கு மினுங்குமே, அதற்கே என் கை எழும்பிவிடும். "பொறுங்கோ, இவர் சரணடையட்டும்" என்பாள் மனைவி. மகளின் கலியாணத்தில் அவள் சொல்லி முடிக்குமுன், மாப்பிள்ளை உட்பட எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். அந்தப் படம்தான் எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. அதில் கையைக் கீழே வைத்திருப்பவர் நேசன் அண்ணை மட்டும்; சட்டையில் விழுந்த எதையோ துடைத்துக்கொண்டு நிற்கிறார்.