சுவருக்குள் பொரிந்த கருவாடு

கையில் துளைபோடும் மெஷின் கிடைத்ததும் தன்னை எஞ்சினியராக நினைத்துக்கொள்ளாத ஆண்பிள்ளை அபூர்வம். எனக்கு மெஷின்கூடத் தேவைப்படவில்லை. அதன் பெட்டியைப் பிரிக்கும்போதே எஞ்சினியராகிவிட்டேன்.

நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் வாங்கியது வரிசை வீடுகளில் ஒன்று, பழைய மர வீடு. வெளிச்சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் குடியிருப்புச் சங்கத்திடம் கேட்க வேண்டும். சங்கத் தலைவி பெரித் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. தங்கமான மனுஷிதான். ஆனால் அவர் கண்ணாடிக்கு மேலால் பார்க்கும்போதெல்லாம் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவன் மாதிரி நான் நெளிவேன்.

வீட்டின் வடக்குச் சுவர் பனிக்காலத்தில் ஐஸ்பெட்டிதான். அந்தச் சுவரை ஒட்டிச் சமையலறை, அதற்கு அடுத்தாற்போல் ஒரு சின்ன அறை, அதற்கு அப்பால் பெரித்தின் வீடு. பிள்ளை கிடைக்கப் போகிறது என்று தெரிந்ததும் சின்ன அறை பிள்ளைக்கு என்று முடிவானது. என் மனைவி சுகந்தி சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, இது பிள்ளை வளர்க்கிற அறையோ, மீன் வைக்கிற அறையோ?”

“பொறும். தைப்பொங்கலுக்கு முதல் இந்த அறையைச் சூடாக்கித் தாறன்” என்றேன். பிள்ளையும் ஏறக்குறைய அப்போதுதான் வருவதாக இருந்தது.

வழிகள் இரண்டு. ஒன்று, வெளிப்பலகைகளைக் கழற்றி, உள்ளே குளிர் தடுக்கும் புதுப் பஞ்சு அடைத்து, திரும்பவும் பலகை அடிப்பது. மற்றது, வெளியிலிருந்து சின்னத் துளைகள் போட்டு, சுவருக்குள் இருக்கும் வெற்றிடத்தில் நுரையைப் பாய்ச்சுவது. நுரை பாய்ச்சுகிற வீடியோ ஒன்றைப் பார்த்தேன். பால் பொங்குவது மாதிரி நுரை எழும்பி மூலை முடுக்கெல்லாம் போய் நிறைந்து, அப்படியே இறுகிவிட்டது. ஒரே நாளில் வேலை முடிந்தது. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். (கலியாண வீடியோவைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை என்பது சுகந்தியின் முறைப்பாடு.)

எங்கள் ஆட்கள் இப்படிப்பட்ட விஷயங்களைத் தனியாக முடிவெடுப்பதில்லை. ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு பிறந்தநாள் விழாவில், ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் நிபுணர் குழு கூடியது.

“ஓம், யோசிக்காமல் அடியுங்கோ. எங்கடை வீடு இப்ப போறணை அடுப்பு மாதிரிச் சூடு” என்றார் ஒருவர்.

“விசர் வேலை பாக்காதையுங்கோ. ஒருக்கா அடிச்சால் பிறகு வெளியிலை எடுக்கேலாது. மரம் மூச்சு விடோணும்” என்றார் இன்னொருவர்.

தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர் தம்பி ஒருவர் மட்டும் மெதுவாக, “ப்ரோ, சுவத்துக்குள்ள ஈரம் இருக்கான்னு செக் பண்ணீங்களா?” என்று கேட்டார். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டது அவர்தான். ப்ரோ என்று ஆரம்பித்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நுரை அடிக்கும் கம்பெனியிலிருந்து யோனாஸ் என்ற இளைஞர் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். விரல் பருமனில் ஒரு துளை போட்டு, உள்ளே கமராவை விட்டுப் பார்த்து, சுவர் நுரைக்கு ஏற்றதா என்று சொல்வார். வெளிச்சுவர் விவகாரம் என்பதால் பெரித்தும் வந்து நின்றார். நாற்றம் ஒன்றும் வேண்டாமே என்று சுகந்தியிடம், “இண்டைக்கு ஒண்டும் பொரிக்காதையும்” என்று முதலே சொல்லியிருந்தேன். ஆனால் அவளுடைய தம்பி கிருபா முதல்நாள்தான் திராமனிலிருந்து கருவாடு கொண்டுவந்து கொடுத்திருந்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி என்ன செய்வாள்? நாங்கள் வெளியே போனதும் சமையலறைக் கதவைச் சாத்தி, புகை உறிஞ்சியை முழு வேகத்தில் போட்டுவிட்டுச் சட்டியை வைத்திருக்கிறாள்.

யோனாஸ் சுவரைத் தட்டித் தட்டி நடந்து, சமையலறைப் பக்கம் நின்றார்.

“இங்கே ஏதோ வித்தியாசமாகக் கேட்கிறது. இந்த இடத்தில் துளைப்போம்.”

அப்போதுதான் எனக்கு அந்தக் குழாய் ஞாபகம் வந்தது.

வீடு வாங்கிய புதிதில் இருந்த புகை உறிஞ்சி, நாங்கள் மீன் பொரிக்கும் வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. (நான் வேலைக்குப் போக முதலே என் ஜக்கெட் போய், நேற்று என்ன சாப்பாடு என்று அறிவித்துவிடும்.) பெரிய உறிஞ்சி ஒன்று வாங்கினேன். அதன் குழாயை வெளியே விட வெளிச்சுவரை வெட்ட வேண்டும். வந்த கிழமையே பெரித்திடம் போய்க் கேட்க எனக்குப் பயம். கிருபாதான் வழி சொன்னான்.

“அத்தான், உள்பலகையை மட்டும் வெட்டுவம். சுவருக்குள்ளை சும்மா கிடக்கிற இடம்தானே. புகை அங்கை நிண்டு ஆறட்டும்.”

எஞ்சினியருக்கு அது மகா விஞ்ஞானமாகப் பட்டது. பிறகு அனுமதி எடுத்து மிச்சத்தையும் வெட்டலாம் என்று விட்டதுதான், வருஷக்கணக்கில் மறந்தே போனேன்.

“முதலில் தேநீர் குடிப்போமா?” என்று கேட்டேன்.

“வேலை முடியட்டும்” என்றார் யோனாஸ்.

“அந்தப் பக்கம் போனால் நல்ல வெயில்.”

வானம் சாம்பல் நிறத்தில் மூடிக்கிடந்தது. பெரித் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “ஏன், இந்தப் பக்கம் என்ன இருக்கிறது?” என்று கேட்டபடி துளை போடும் இடத்துக்கு இன்னும் கிட்டே வந்தார்.

யோனாஸ் துளைத்து, மெஷினை வெளியே இழுத்தார். பின்னாலேயே நூல்மாதிரி ஒரு புகை வந்தது. புகையோடு, யாழ்ப்பாணத்துக் கருவாட்டின் மணம் அப்படியே பெரித்தின் மூக்கில் போய் அடித்தது.

அவர் பின்வாங்கவில்லை. கண்களை மூடி இன்னொரு தரம் ஆழமாக இழுத்தார். மயங்கி விழப்போகிறார் என்று நான் கையை நீட்டினேன்.

“இதேதான்” என்றார். “என் உடுப்பு அலுமாரிக்குள் வருஷக்கணக்காக அடிக்கிற மணம் இதேதான்!”

சுவருக்குள்ளால் புகை அவர் வீடுவரை நடந்திருக்கிறது. பெரித் பழி போட்டது புருஷன் ஆர்னேயின் மலையேறும் சப்பாத்துகளில். முதலில் அவற்றை நிலவறைக்கு அனுப்பினாராம். மணம் போகவில்லை. பிறகு ஒவ்வொரு சோடியாக எறிந்தாராம். சத்தம் கேட்டு ஆர்னே ஜன்னலால் தலையை நீட்டினார். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். “நான் சொன்னேனே, நான் சொன்னேனே!” என்று ஜன்னலில் நின்று குதித்தார்.

சுகந்தி அகப்பையும் கையுமாக வந்தாள். “என்ன, எல்லாரும் மூக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறியள்?”

யோனாஸ் கமராவின் திரையைக் காட்டினார். மரமெல்லாம் எண்ணெய் பிசுபிசுத்தது. பழைய பஞ்சு நனைந்து, மஞ்சள் பூசி, அடியில் போய்க் குந்திக்கொண்டிருந்தது. சுவர் ஏன் குளிர்ந்தது என்று யாரும் கேட்கத் தேவைப்படவில்லை.

“இதற்குள் நுரை அடித்தால் ஈரம் உள்ளேயே பூட்டுப்பட்டு மரம் உக்கிவிடும்” என்றார் அவர். “அது இருக்கட்டும். இவ்வளவு எண்ணெய் சுவருக்குள் இருந்தால் ஒரு பொறி போதும். அடுப்பை உடனே நிறுத்துங்கள்.”

விற்க வந்த யோனாஸ் நுரைக் கம்பெனியின் பளபளக்கும் புத்தகத்தைப் பைக்குள் திரும்ப வைத்தார். பிள்ளையை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்கப் போட இருந்தேன் என்று நினைத்தபோது வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

சுகந்தி என்னைப் பார்த்தாள். “குழாய் வெளியாலை போகுதெண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“போகுது… பாதி வழி.”

அன்றே பெரித் சங்கத்தைக் கூட்டினார். என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்று பயந்திருந்தேன். ஆனால் கணக்கு ரீச்சர் வெளியே புகை போகும் வழிக்கு அனுமதி வாங்கித் தந்ததோடு, வேலையாட்களையும் தானே பிடித்துத் தந்தார். சுவரைப் பிரித்தார்கள், உக்கிய மரத்தை மாற்றினார்கள், புதுப் பஞ்சு அடைத்தார்கள். நுரை என்ற பேச்சே பிறகு எழவில்லை. மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று அழுகையே வந்தது. (“காப்பாற்றினது பெரித்” என்று சுகந்தி திருத்தினாள்.)

மகளுக்கு இப்போது ஏழு வயது. இன்றுவரை பக்கத்து வீட்டில் என்ன மணம் எழும்பினாலும், முட்டைக்கோவா கருகினாலும், பூனை எதையாவது செய்து வைத்தாலும், ஆர்னே உடனே எங்கள் பக்கத்துச் சுவரில் டொக் டொக்கென்று தட்டுகிறார். சின்ன அறையிலிருந்து மகள் சுவரில் வாயை வைத்து, நல்ல நோர்வேஜிய மொழியில் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள்:

“இந்தமுறை அப்பா இல்லை!”