விமானியின் தொப்பியில் ஒரு கறை

ஸ்ரீநாத் அந்தப் பழைய விமானித் தோல் தொப்பியை வெயிலில் திருப்பிப் பார்த்தான். நெற்றிப் பக்கத்துத் தோலில் சிவப்பாக ஒரு கறை.

"ராஜி! தொப்பிக்கும் பொட்டு வெச்சியா?"

நேற்று ஆயுத பூஜை. பைக், மிக்ஸி, லேப்டாப், கேஸ் சிலிண்டர் என்று வெள்ளானூர் ஃப்ளாட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் அவன் மனைவி ராஜகுமாரி குங்குமம் வைத்திருந்தாள்.

"ஒரே அழுக்கா இருந்துச்சேன்னு அழுந்தத் துடைச்சுப் பூஜையில வெச்சேன். பொட்டு வெச்ச ஞாபகம் இல்லீங்க."

"அப்ப அதுவா வெச்சுக்கிச்சா?"

அவள் யோசித்தாள். வைத்தாலும் வைத்திருப்பாள். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த அவன் நெற்றியிலேயே நேற்று ஒன்று இருந்தது.

பர்மா போர்க்களத்தில் கிடைத்தது என்று சொல்லிப் பழைய சாமான் கடைக்காரர் விற்ற தொப்பி. அதைப் போட்டுக்கொண்டால் காதுகள் மூடி, உலகம் தூரமாகப் போய்விடும். மின்விசிறி மட்டும் சுழலும். சுவர்கள் மெல்ல மேகமாகும். அந்தப் போரின்போது இதே மௌனத்துக்குள் யாரோ ஒருவர் தனியாகப் பறந்திருக்கிறார்.

யார்? உள்ளே ஒரு பெயரின் மங்கிப்போன இரண்டு முதலெழுத்துகள்தான் இருந்தன. விமானப்படையின் பழைய பட்டியலில் தேடினால், அதே எழுத்துகளில் இரண்டு விமானிகள். அவர்களில் ஒருவரின் மகள் வசந்தகுமாரி அம்பத்தூரில் இருந்தார். பிறக்கும் முன்பே அப்பாவை இழந்தவர். அப்பா தொட்ட பொருள் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

"எங்கப்பாதுன்னா பாத்ததும் சொல்லிடுவேன்," என்றிருந்தார். இன்று மாலை வருகிறார்.

ஸ்ரீநாத் ஈரப் பஞ்சால் துடைத்தான். சிவப்பு, சாயங்கால மேகம் போலப் பரவியது.

தண்ணீர் கேன் போட வந்த வேம்புலி எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், தொப்பிக்கு அடிபட்டுச்சா? பூஜை எலுமிச்ச மிச்சம் கீதா? தேச்சுப் பாரு, பறந்துடும். எங்க ஊட்டு வெளக்கு அப்டித்தான் பளபளன்னு கீது."

தேய்த்தான். கறை பறந்தது. கூடவே தோலின் நிறமும் பறந்தது.

"ஷூ பாலிஷ் போடுங்க," என்றாள் ராஜகுமாரி.

போட்டான். அந்த இடம் மட்டும் மினுமினுத்தது.

"இப்ப மீதிதாங்க கறை மாதிரி தெரியுது."

மீதிக்கும் போட்டான். மாலைக்குள் தொப்பி, போரையே பார்க்காதது போல ஆகிவிட்டது.

வசந்தகுமாரி அதை மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலில் ஒரு மேகம் வந்து, நின்று, போனது. அவருடைய விரல்கள் தொப்பியின் முன்பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தன.

"என்னம்மா... அப்பாதுதானா?" என்றான் ஸ்ரீநாத்.

"எவ்ளோ அழகா வெச்சிருக்கீங்க தம்பி! ஆனா இது எங்கப்பாது இல்ல. அவரு கடைசியாக் கிளம்பினது ஆயுத பூஜை அன்னைக்கு. அம்மா இதோ இந்த எடத்துல ஒரு குங்குமப் பொட்டு வெச்சாங்களாம். திரும்பி வர்ற வரைக்கும் யாரையும் துடைக்க விட மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாராம்."