மொனாகாவின் வெறும் வயிறு

வியாழக்கிழமை விடிந்ததும் மொனாகாவுக்கு எதையாவது தின்னக் கொடுத்துவிடுவது என்று ஹிரோதாகா தீர்மானித்தார். ஒகாயாமாவில் முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டியவர். ஒருநாளும் தண்டவாளத்தை விட்டு விலகியதில்லை. ஓய்வு பெற்றவனுக்கு ஒரே ஒரு குறுக்குவழி தப்பில்லை என்று பட்டது.

மொனாகா பதினோரு வயது பக் நாய். ஒரு மாதமாக இடப்பக்கமாகவே வட்டம் போட்டது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, வந்த காரியத்தை மறந்த மாதிரி நின்றது. இரண்டு தடவை வலிப்பும் வந்துவிட்டது. மூளையில் கட்டியா, வீக்கமா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும், அதற்கு ஒரு வைத்தியம், இதற்கு ஒரு வைத்தியம் என்றார் டாக்டரம்மா. அந்தக் குழாய்க்குள் நாய் அசையாமல் கிடக்கவேண்டும். அதற்கு மயக்க மருந்து. மயக்க மருந்துக்கு வெறும் வயிறு.

வெறும் வயிறு என்பதுதான் ஹிரோதாகா கண்டுபிடித்த ஓட்டை.

புதன்கிழமை சாயங்காலம் மனைவியிடம் நேர்வழியிலும் முயன்று பார்த்தார்.

"அது கிழவி. மயக்கத்துலேருந்து எழுந்திருக்கலைன்னா?"

"எழுந்திருக்கும்," என்றாள் மிசாவோ.

"போன வருஷம் பல்லு புடுங்கறப்போ நானே எவ்வளவு நேரம் மயங்கிக் கெடந்தேன்."

"அது ஊசியைப் பாத்து மயங்கினது. மருந்து உள்ளயே போகல."

"சரி, படம் எடுத்து என்ன தெரியப்போகுது? மண்டைக்குள்ள சாப்பாட்டு நெனப்பு மட்டும்தான் இருக்கும்."

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் ஒரே படம் போதும். நாளைக்கு ஒம்பது மணிக்குப் போகணும். அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்கக்கூடாது. உங்களுக்குத்தான் சொல்றேன்."

காலை ஐந்தரைக்குக் காலுறையோடு சமையலறைக்குப் போனார். குளிர்பெட்டியைத் திறந்ததும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று ஒரு தட்டில் கண்ணுக்கு நேரே இருந்தது. தோலுரித்து, கைக்கு அடக்கமாக. அதிர்ஷ்டம்தான். மொனாகா சலவை இயந்திரத்தில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தது.

"யாருகிட்டயும் சொல்லாத," என்று நீட்டினார்.

இரண்டே வாயில் கிழங்கு காணாமல் போயிற்று. அவர் அதன் தலையைத் தடவினார். சின்ன, சூடான மண்டை. உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்தாகவேண்டும் போலிருந்தது. தெரியாமலே இருந்துவிட்டாலும் நல்லது போலிருந்தது.

விளக்கு எரிந்தது. வாசலில் மிசாவோ.

"சாப்பிட்டுச்சா?"

அவர் நிமிர்ந்து நின்றார். "முழுசா. இனிமே மயக்க மருந்து குடுக்க முடியாது. போன் பண்ணிச் சொல்லிடு."

மிசாவோ தரையில் உட்கார்ந்து, மொனாகாவின் கம்பளிச் சட்டைக் கையை மேலே இழுத்தாள். இரண்டு நாளாக அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. குளிருக்கு என்று அவர் நினைத்திருந்தார். முன்னங்காலில் ஒரு கட்டம் போல முடி மழித்திருந்தது.

"ஊசி போட்ட எடம். செவ்வாய்க்கிழமையே எடுத்தாச்சு. நீங்க கோ காய் விளையாடப் போயிருந்தப்போ."

"அன்னிக்குக் குளிப்பாட்டத்தானே கூட்டிட்டுப் போன?"

"குளிப்பாட்டினா கால்ல செரைப்பாங்களா?"

ஹிரோதாகாவும் தரையில் உட்கார்ந்தார். "மயக்கத்துலேருந்து…"

"எழுந்திருச்சு. எழுந்ததும் நர்ஸோட செருப்பை நக்குச்சு."

அவர் மொனாகாவின் சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டார். மிசாவோவே சொன்னாள்.

"கட்டி இல்ல. வீக்கம். வெள்ளையா ஒரு திட்டு, டாக்டரம்மா காட்டினாங்க. முழுசாப் போகாதாம். மருந்து குடுத்தா அடங்கி இருக்குமாம். ரெண்டு வேளையும், சாப்பாட்டோட."

அவர் நாயை மடியில் இழுத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். பிறகுதான் கோபப்படலாம் என்று நினைவு வந்தது.

"அப்ப எதுக்கு இன்னிக்குன்னு பொய் சொன்ன?"

"நேத்து ரெண்டு மாத்திரையையும் துப்பிடுச்சு. நான் எது குடுத்தாலும் மோந்து பாத்துப் பிரிச்சு எடுத்துடுது. நீங்க திருட்டுத்தனமா குடுக்கறதை மட்டும்தான் மோந்து பாக்காம முழுங்குது."

மிசாவோ எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

"சாயங்கால மாத்திரையையும் இதே மாதிரி ஒரு கிழங்குக்குள்ள வச்சு அதே தட்டுல வைக்கிறேன். ஆறு மணிக்கு, எனக்குத் தெரியாம குடுத்துடுங்க."