உட்காருவது உங்களது, பார்ப்பது என்னுடையது

சனிக்கிழமை காலை கெல்வின் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, அவருடைய வீட்டுக் கூடத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓர் இளைஞன், ஓர் இளம்பெண். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் தலைக்கு மேல் தொங்கிய கயிற்றுப் பின்னலைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

“குட் மார்னிங், அங்கிள். ரெண்டு லாத்தே. ஒண்ணு சீனி இல்லாம,” என்றான் இளைஞன், ஆங்கிலத்தில்.

கெல்வின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். குறை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது அங்கே அவருடைய வேலை. தொழிற்சாலைக்கு வெளியே அந்தத் துணிச்சல் அவருக்கு வந்ததே இல்லை. “ஒன் மினிட்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினார்.

“பெவ், ஹால்ல யாரோ உக்காந்திருக்காங்க.”

“யாரு, உங்க ஃபிரெண்டா?”

“உன் சொந்தக்காரங்களோன்னு நெனச்சேன். லாத்தே கேக்குறாங்க.”

பெவர்லி எட்டிப் பார்த்தாள். “பாவம்லா, வெயில்ல நடந்து வந்திருக்காங்க. வாய்விட்டுக் கேட்டுட்டாங்க. காப்பி ஊத்திக் கொடுத்து அனுப்பிடுவோம்.”

எனாமல் குவளையில் கட்டிப்பால் காப்பி போனது. அதுதான் முதல் தப்பு.

தப்பு என்று சொன்னாலும், வந்தவர்கள் மேல் முழுப்பழியும் போட முடியாது. கெல்வினுக்கும் பெவர்லிக்கும் கல்யாணம் நடந்ததே போன வருடம்தான், இருவரும் நாற்பதைத் தாண்டிய பிறகு. அதுவரை கெல்வின் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலியோடு தனியாக வாழ்ந்தவர். இல்லாத சாமானுக்குத் தூசி தட்ட வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. பெவர்லி புக்கிட் மெர்தாஜாமில் பாலர் பள்ளி ஆசிரியை. கயிறு, கூடை, மணி, பாத்தேக் துணி என்று எதைக் கண்டாலும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவாள்.

ஜார்ஜ் டவுனில் இந்தப் பழைய வரிசை வீட்டுக்குக் குடிவந்ததும் சண்டை தொடங்கியது. ஒரு திரைச்சீலையின் நிறத்துக்காக அவள் தன் அக்கா சோஃபியா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்த அன்று அவளே ஓர் ஒப்பந்தம் சொன்னாள்.

“உக்கார்றது உங்களது. பாக்கறது என்னோடது. சரியா?”

மேசை, பெஞ்சு, அலமாரி எல்லாம் கெல்வின் விருப்பம். வெறும் மரம், நேர்க்கோடு, வேலைப்பாடு கிடையாது. சுவர், கூரை, தரை எல்லாம் பெவர்லியின் ராஜ்யம். பல வண்ணக் கம்பளம், கவிழ்த்த கூடை மாதிரி பிரம்பு விளக்கு, கயிற்றுத் தொங்கல்கள், கொடி இறங்கும் தொட்டிகள். எல்லாம் சேர்ந்ததும் இருவருக்குமே ஆச்சரியம். இரைச்சலாக இருக்கும் என்று பயந்தது அமைதியாக இருந்தது. மொட்டையாக இருக்கும் என்று பயந்தது நிறைவாக இருந்தது. அன்று இரவு விளக்கைப் போட்டுவிட்டு இருவரும் அந்தப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். மாதா கோயிலில் மோதிரம் மாற்றியபோதுகூடக் கெல்வினுக்கு அப்படி இருந்ததில்லை.

ஆனால் வீட்டு வாசல் நேராக அஞ்சடி நடைபாதையில் திறந்தது. இடப்பக்கம் ஒரு காப்பிக் கடை, எதிரே இரண்டு. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்தால் இதுவும் ஒன்று என்றுதான் யாருக்கும் தோன்றும்.

லாத்தே கேட்டவர்கள் வந்துபோன மறுநாள் ஒரு குடும்பமே வந்தது. குழந்தைக்குப் பால் கேட்டார்கள். குழந்தைக்குப் பால் இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் நாலு சைக்கிள்காரர்கள் வந்து கேக் கேட்டார்கள். பெவர்லி பள்ளிக்கூடத்துக்காகச் செய்து வைத்திருந்த வாழைப்பழக் கேக் அதோடு தீர்ந்தது.

“இனிமே கதவைச் சாத்திடுவோம்,” என்றார் கெல்வின்.

சாத்தினார்கள். வீடு அடுப்பானது. ஜன்னல் வழியாகப் பிரம்பு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் வெளியே தெரிந்தது. சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. நன்றாக உடுத்திய நாலைந்து பேர், ஏதோ ரகசிய மதுக்கூடத்துக்கு வந்தவர்கள் போலக் குரலைத் தாழ்த்தி, “உள்ளே வர ஏதாவது ரகசியச் சொல் உண்டா?” என்று கேட்டார்கள்.

பக்கத்து வீட்டு ஹமீதா மதில் வழியாகக் கூப்பிட்டார். “தம்பி, கடையைச் சாத்துறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வர்றவங்கல்லாம் என் வீட்டு மணிய அடிச்சு, எப்பத் தொறப்பாங்கன்னு கேக்குறாங்க.”

“அக்கா, இது கடை இல்லக்கா. நீங்களுமா?”

“எனக்குத் தெரியும்லா. அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு போர்டு மாட்டுங்க.”

நல்ல யோசனையாகத் தெரிந்தது. கெல்வின் ஒரு பலகையை வழவழப்பாக இழைத்து, வெள்ளை எழுத்தில் ‘இது வீடு’ என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் எழுதினார். பெவர்லி அது மொட்டையாக இருக்கிறதே என்று ஓரத்தில் கொஞ்சம் குஞ்சம் கட்டினாள். வாசலில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, நிம்மதியாகக் காற்று வாங்கினார்கள்.

அந்த வாரக் கடைசியில் பலகைக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க வரிசை நின்றது.

“‘இது வீடு’! என்னா பேருலா!” என்று ஒருவர் கெல்வினின் தோளைத் தட்டினார். “எப்படிண்ணே யோசிச்சீங்க?”

சோஃபியா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து போன் செய்தாள். “பெவர்லி, கடை போட்டிருக்க, அக்காகிட்ட சொல்லல. நெட்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? ‘இடம் அழகு, சேவை மந்தம், கைலி கட்டிய முதலாளி அசல்’னு எழுதியிருக்காங்க.”

“மந்தமா?” என்றாள் பெவர்லி. அவளுக்கு அதுதான் உறைத்தது.

கெல்வின் இம்முறை ஆழமாக யோசித்தார். வீடு என்றால் வீடு மாதிரி அலங்கோலமாக இருக்க வேண்டும். கூடத்தின் குறுக்கே கொடி கட்டினார். தம் தொழிற்சாலைச் சட்டைகள், பனியன்கள், கிழிந்த துண்டு, எல்லாவற்றையும் ஈரத்தோடு தொங்கவிட்டார். இதைப் பார்த்தும் யார் காப்பி கேட்பார்கள்?

யாரும் காப்பி கேட்கவில்லை. நஜ்வா என்ற ஓவியக் கல்லூரி மாணவி மட்டும் வந்து, அவருடைய பனியன் முன்னால் வெகுநேரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“உழைக்கிறவங்க வாழ்க்கை அப்படியே இருக்கு, அங்கிள்,” என்றாள் மலாயில். “கண்காட்சி எத்தனை நாள்?”

அவள் போனதும் கெல்வின் ஏணியை எடுத்து வந்து கயிற்றுத் தொங்கல்களை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“என்ன பண்றீங்க?”

“இதுனாலதான் வர்றாங்க, பெவ்.”

“என்னோடதுனாலதானா? உங்க பெஞ்சு என்ன பண்ணுச்சு? அதுல உக்காரத்தானே உள்ள வர்றாங்க?” அவள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். “எடுக்கறதுன்னா ரெண்டையும் எடுத்துடுங்க. நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போடுவோம்.”

“பிளாஸ்டிக் நாற்காலி போட்டா சாப்பாட்டுக் கடைன்னு நாசி கண்டார் சோறு கேட்டு வருவாங்க.”

பெவர்லி சிரிக்கவில்லை. கெல்வின் ஏணியிலேயே நின்றார். பாதி அவிழ்ந்த தொங்கல் அவர் தோளில் கிடந்தது. திரைச்சீலைக்காக அவள் அக்கா வீட்டுக்குப் போன நாளில் வீடு எப்படி இருந்தது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அவர் ஆசைப்பட்ட மாதிரியே, ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் சொன்னார். “வீட்டுக்குப் போக வேணாம். பாலிக் புலாவ் பக்கம் போவோம். ஒரு நாளாச்சும் நமக்கு யாராவது காப்பி போட்டுக் கொடுக்கட்டும்.”

மலைப்பாதையில் கெல்வின் காடியை மெதுவாக ஓட்டினார். ஜாதிக்காய்த் தோட்டங்களைத் தாண்டி ஒரு வளைவில் அந்த இடம் இருந்தது. அகலமான வாசல், நீளமான ஒரே மர மேசை, ஓரத்தில் பாய், மேலே சிப்பிகள் கோத்த தொங்கல். பெவர்லி காடி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டாள்.

உட்கார்ந்தார்கள். சற்று நேரம் கழித்து நித்யா என்ற பெண்மணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உள்ளிருந்து வந்தார். பெயர் பெவர்லி கேட்டுத் தெரிந்துகொண்டது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஜாதிக்காய் ஜூஸ் ரெண்டு, அக்கா,” என்றார் கெல்வின். “சாப்பிட ஏதாச்சும் இருந்தாலும் சரி.”

“இருங்க, பாக்கறேன்,” என்று அவர் உள்ளே போனார்.

ஜூஸ் வந்தது. கூடவே சூடாக மரவள்ளிக்கிழங்கு வந்தது. பெவர்லி கைகழுவப் போய்விட்டுக் கண்கள் விரியத் திரும்பினாள். “பாத்ரூம்ல டூத் பிரஷ்கூட வெச்சிருக்காங்க. எவ்ளோ நுணுக்கமா டெக்கரேஷன் பண்ணியிருக்காங்க, பாருங்க!”

இரண்டாவது தம்ளரில் கெல்வினின் மனம் இளகியது. “அந்தத் தொங்கலை அவுக்க வேணாம், பெவ். வர்றவன் வரட்டும். நீ மாட்டினது மாட்டினபடியே இருக்கட்டும்.”

பெவர்லி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க பெஞ்சையும் யாரும் தொடக் கூடாது.”

அந்த மகிழ்ச்சியில் கெல்வின் தம் வீட்டுக் கதை முழுவதையும் நித்யாவிடம் சொன்னார். அவர் கதவோரம் சாய்ந்து நின்று பொறுமையாகக் கேட்டார்.

“சொல்லுங்கக்கா, கடை எது, வீடு எதுன்னு ஒரு மனுஷனுக்குப் பாத்தாலே தெரிய வேணாமா?”

“தெரியணும்தான்,” என்றார் நித்யா.

“நீங்க நல்லா நடத்துறீங்க. அடிக்கடி வருவோம்,” என்று கெல்வின் எழுந்து பர்ஸை எடுத்தார். “பில் கொடுங்கக்கா.”

நித்யா காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்.

“இருக்கட்டும்ண்ணே, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட யாராச்சும் பில் கொடுப்பாங்களா?”