கண்டம் செய்யப்பட்ட ஒட்டு

நல்ல நிலையில் உள்ள அரசாங்கப் பொருளை யாரும் உடைக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நியாயமான விதி. எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் கிடையாது. அரசாங்கப் பொருளை உடைப்பதற்காகவே அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பது மட்டும்தான் சின்னச் சிக்கல்.

என் பெயர் வைத்தீஸ்வரன். மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கியிருந்த கிடங்கு ஒன்றில், 'இலகு உலோக இணைப்பு உயராய்வு மையம்' என்ற பலகைக்குக் கீழே எட்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். அலுமினியத் தகடுகளை உருக்காமல் இணைப்பது என் வேலை. இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இறுக்கிப் பிடித்து, சேருமிடத்தில் கெட்டியான எஃகுக் குச்சி ஒன்றைச் சுழலவிட்டு, அழுத்தியபடியே நகர்த்த வேண்டும். உரசலில் உலோகம் சூடேறி இளகும், ஆனால் உருகாது. குச்சி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கிளறிவிட்டுப் போகும். அல்வா கிளறுவது மாதிரி என்று என் மனைவி ஸாதனாவுக்கு விளக்கினேன்.

"அல்வாவுக்கு எட்டு வருஷம் ஆகாதே" என்றாள்.

இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் மாரிச்செல்வம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தோப்பும்படியில் படகுப் பட்டறை வைத்திருப்பவர். அலுமினிய வள்ளத்துக்கு வெல்டு வைத்தால் ஒரே மழைக்காலத்தில் விரிசல் விடுகிறது என்று அவர் புலம்பியதைத்தான் என் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் 'சமூகத் தேவை' என்ற தலைப்பில் எழுதியிருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் பார்க்கும்போதெல்லாம் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"சார், உங்க ஒட்டு தாங்குமா, தாங்காதா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"ஆய்வு நடக்கிறது" என்று நானும் இரண்டு வார்த்தையில் சொல்வேன்.

ஆய்வு நடந்ததோ இல்லையோ, ஆய்வின் தலைப்பு நன்றாக வளர்ந்தது. முதலில் 'அலுமினியத் தகடுகளின் உரசல் இணைப்பு' என்றுதான் இருந்தது. மூன்றாம் வருடம் எங்கள் இயக்குநர் டில்லி போய் வந்து 'நானோ' சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நானோ எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அது கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம்தானே. ஐந்தாம் வருடம் 'பசுமை' வந்தது. போன வருடம் 'செயற்கை நுண்ணறிவு' வந்தது. தலைப்பு மட்டும் இரண்டு வரி ஆன பிறகு, உள்ளே சரக்கு குறைவாக இருப்பது அவ்வளவாகத் தெரியவில்லை. ஒரு தடவைகூட 'வேண்டாம் சார்' என்று சொல்லாதவன் நான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பல்கலைக்கழகம் மூன்று முறை நீட்டிப்புக் கொடுத்து, நான்காம் முறை கையைக் கழுவிவிட்டது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேடு போகாவிட்டால் பதிவு ரத்து. நாற்பத்திரண்டு வயதில், எட்டு வருடமும் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அந்தப் பயத்தில்தானோ என்னவோ, பிப்ரவரியில் ஒரு ஒட்டு அமைந்தது பாருங்கள்! இரண்டு மீட்டர் நீளத் தகடு, கடல் தண்ணீருக்கென்றே செய்த ரகம். ஒட்டின் மேல் விரலை ஓட்டினேன். எட்டு வருடத்தில் முதல் முறையாக என் வேலை எனக்கே பிடித்திருந்தது. இனி அதில் மூன்று பட்டைகள் வெட்டி, இழுக்கும் இயந்திரத்தில் மாட்டி, முறியும்வரை இழுக்க வேண்டும். எங்கே முறிகிறது, எவ்வளவு பாரத்தில் முறிகிறது என்ற கணக்குதான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம்.

ஸ்டோர்ஸ் சூப்பரிண்டெண்டெண்ட் ராமபத்ரன் சாரிடம் போனேன். பாலக்காட்டுக்காரர். விதிப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்.

"சார், மூணு பட்டையை உடைக்கணும்."

"உடைக்கறதா? ஏன், மோசமாயிடுத்தா?"

"இல்ல சார், ரொம்ப நன்னா வந்திருக்கு."

"நன்னா இருக்கறதை உடைக்கப்படாதாக்கும். ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறியாச்சு. முதல்ல கண்டம் பண்ணணும்."

கண்டம் செய்வது என்றால், இந்தப் பொருள் இனி எதற்கும் உதவாது என்று குழு கூடி எழுதி முத்திரை குத்துவது. ஓட்டை ஜீப், கால் போன நாற்காலி எல்லாம் அப்படித்தான் எங்கள் மையத்தை விட்டுப் போகின்றன.

"நல்ல ஒட்டுன்னு நிரூபிக்கத்தான் சார் உடைக்கப் போறேன்."

"நிரூபிச்சுக்கோ. யாரு வேண்டாம்னா? உதவாதுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் உடைச்சு, நன்னா இருக்குன்னு நிரூபிச்சுக்கோ. மனசிலாச்சா?"

மனசிலானது, நன்றாகவே புரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. 'மேற்படி ஒட்டு எவ்விதப் பயன்பாட்டுக்கும் தகுதியற்றது எனத் துறை வல்லுநர் என்ற முறையில் சான்றளிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழு கூடியது, சாயாவும் பழம்பொரியும் வந்தன, முத்திரை விழுந்தது.

மார்ச் ஒன்பதாம் தேதி மூன்று பட்டைகளையும் இழுத்தோம். தகடு நீண்டது, மெலிந்தது, டப்பென்று முறிந்தது. மூன்றும் ஒட்டுக்கு வெளியே, வெறும் தகட்டில் முறிந்தன. ஒட்டு அப்படியே இருந்தது! எங்கள் துறையில் இதைவிட நல்ல முடிவு கிடையாது. தாய்த் தகட்டைவிட ஒட்டு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். நான் ஸாதனாவுக்கு ஃபோன் செய்து அழுதேவிட்டேன்.

மறுநாள் காலை மேஜை மேல் விளக்கம் கேட்டு மெமோ இருந்தது. ராமபத்ரன் சாரிடம் ஓடினேன்.

"நீ எதைக் கண்டம் பண்ணச் சொன்னே?"

"ஒட்டை."

"எது முறிஞ்சது?"

"தகடு."

"தகட்டைக் கண்டம் பண்ணலையே! நல்ல நிலையில இருந்த சர்க்கார் தகட்டை மூணு எடத்துல முறிச்சிருக்கே. கண்டம் பண்ணின எடத்துல ஒரு கீறல்கூட இல்லை. இது என்ன நியாயம், வைத்தி?"

"ஒட்டு பலமா இருந்தா அப்படித்தான் சார் ஆகும்."

"பலமா இருக்கா? உதவாதுன்னு எழுதினது ஆரு?"

நான்தான். விசாரணை முடியும்வரை மூன்று பட்டைகளும் தடயப் பொருள்கள் என்று துணியில் கட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். தடயத்தின் அளவுகளை ஆய்வேட்டில் வெளியிடக் கூடாது. மார்ச் இருபது ஆகிவிட்டது.

அன்று நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக இரண்டு தகடு எடுத்தேன். சுழலும் குச்சியை வேண்டுமென்றே கொஞ்சம் மேலே தூக்கி வைத்தேன். மேலே பார்க்க ஒட்டியது போலிருக்கும், அடியில் ஒட்டாது. நல்ல ஒட்டுப் போட எட்டு வருடம் பிடித்தவனுக்கு மோசமான ஒட்டுப் போட அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. கண்டம் செய்தோம், இழுத்தோம். எங்கே முத்திரை குத்தினார்களோ மிகச் சரியாக அங்கேயே மூன்றும் முறிந்தன.

"இப்படின்னா இருக்கணும் ஆராய்ச்சி!" என்றார் ராமபத்ரன் சார்.

இயக்குநருக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம். "முறியப்போகும் இடத்தை முன்கூட்டியே சொல்லி, நூற்றுக்கு நூறு சரியாக வந்திருக்கிறதே! இதைத்தான் செயற்கை நுண்ணறிவு என்கிறோம்" என்றார். முன்கூட்டியே சொன்னது ரப்பர் முத்திரை என்பதை நான் சொல்லவில்லை. ஆய்வேடு மார்ச் முப்பதாம் தேதி போனது. வாய்மொழித் தேர்வில் நிபுணர்கள் மூவரும் தலைப்பைப் பற்றியே கேட்டார்கள். நவம்பரில் முனைவர் பட்டம் கையில் வந்தது.

நல்ல ஒட்டுமீது நடந்த விசாரணை அதற்கு முன்பே, ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. 'தகடானது கண்டம் செய்யப்பட்ட ஒட்டுடன் பிரிக்க இயலாதபடி இணைந்துவிட்டதால், முன்தேதியிட்டுத் தகடும் கண்டம் செய்யப்படுகிறது' என்று உத்தரவு வந்தது. அந்த ஒட்டைப் பற்றி எங்கள் மையத்தில் எழுதப்பட்ட ஒரே உண்மையான வாக்கியம் அதுதான். மிச்சத் தகடு காயலான் ஏலத்துக்குப் போனது.

இந்த ஆடி மாதம், கொட்டும் மழையில் தோப்பும்படிக்குப் போயிருந்தேன். மாரிச்செல்வத்தின் பட்டறைக்கு முன்னால் ஒரு வள்ளம் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் அடிப்பக்கத்தில் நீளமாக ஓடிய ஒட்டைப் பார்த்ததும் குனிந்து அதன் மேல் விரலை ஓட்டினேன். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா?

"மாரி, இது எங்க தகடாச்சே!"

"ஆமா சார், ஏலத்துல எடுத்தேன். ஒரு வருசமா கடலுக்குப் போயிட்டு வருது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல."

"உதவாதுன்னு நானே கையெழுத்துப் போட்டிருந்தேனே. பாக்கலையா?"

"பாத்தேனே. அதப் பாத்துதான எடுத்தேன்! ஆபீசுல உதவாதுன்னு எழுதிட்டாங்கன்னா சாமான் தங்கமா இருக்கும் சார். நல்லதுன்னு எழுதுனதத்தான் நாங்க கிட்டயே சேக்க மாட்டோம். தோப்பும்படியில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்லா?"

எட்டு வருடமாக அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்துவிட்டார். என் பங்குக்கும் ஏதாவது காட்ட வேண்டும் என்று தோன்றியது. பையிலிருந்து என் பட்டத்தின் நகலை எடுத்து நீட்டினேன். தலைப்பு இரண்டு வரி, தங்க நிற முத்திரை, கீழே 'மிகச் சிறந்தது எனப் பரிந்துரைக்கப்பட்டது' என்ற வாசகம்.

மாரிச்செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கடைசி வரியை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை, பழைய தகட்டைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். காகிதத்தை மழை படாமல் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"விடுங்க சார், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். "ஒரு சாயா குடிக்கியளா?"